அப்பாரோட இறப்புச் சான்று எந்த ஜன்னலில் கிடைக்கும்?

வீட்டில் ஒரு சாவு நடந்து, காரியமெல்லாம் முடிந்து, பேங்க், பட்டா, எல்.ஐ.சி. என்று ஒவ்வொன்றாய் எடுக்கும்போது நிறையப் பேர் நேராகப் போய் நிற்பது சொந்த ஊர் வி.ஏ.ஓ. ஆபீஸில். ஆள் காங்கேயம் பக்கம், ரேஷன் கார்டு அங்கே, எரித்ததும் அங்கே, அப்புறம் சான்றும் அங்கேதானே என்ற கணக்கு. உயிர் போனது கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் என்றால், பதிவு கோவை மாநகராட்சியில் இருக்கும். ஊர் வி.ஏ.ஓ. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அவர் கையில் அந்தப் பதிவேடு கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பார்ப்பது உயிர் பிரிந்த இடத்தை. குடியிருந்த இடமும் சுடுகாடும் கணக்கில் வராது. வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு வேலூர் மாநகராட்சி. கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில் இறந்தவருக்கு அந்தத் தோட்டம் எந்த வருவாய் கிராமத்தில் வருகிறதோ அந்த வி.ஏ.ஓ.

நடுவழியில் ஆம்புலன்ஸில் போய்விட்டால்? வண்டி முதலில் நின்ற இடம்தான் இறந்த இடம் என்று விதி சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, டாக்டர் பார்த்து "கொண்டு வரும்போதே உயிர் இல்லை" என்று எழுதிக் கொடுத்த கேஸ்களில் குழப்பம் வருவது இங்கேதான். ஆஸ்பத்திரி "எங்களிடம் நடந்த சாவு இல்லை" என்று தகவல் அனுப்பாமல் விட்டுவிடும். வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரி அனுப்பியிருக்கும் என்று இருந்துவிடுவார்கள். ஒரு வருசம் கழித்துத் தேடினால் இரண்டு இடத்திலும் பதிவு இருக்காது. உடலை எடுத்து வரும்போதே "பதிவுக்கு நீங்கள் அனுப்புகிறீர்களா, நாங்கள் எழுதிக் கொடுக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் தெரிந்துவிட்டால் அடுத்தது வருசம். இந்த இரண்டும் கையில் இருந்தால் எந்த ஜன்னல் என்று தானாகத் தெரிந்துவிடும்.

2018 ஜனவரிக்குப் பிறகு நடந்த சாவு என்றால் பெரும்பாலும் அலைச்சல் இல்லை. பிறப்பு, இறப்பைப் பதிகிற மாநிலத்தின் சி.ஆர்.எஸ். இணையதளத்தில் பதிவாகியிருக்கும், கியூ.ஆர். குறியோடு சான்றை இறக்கி எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்செடுத்துக்கொள்ளலாம். பச்சை மை கையெழுத்து வேண்டும் என்று கேட்கும் பேங்க் மேனேஜரிடம் கியூ.ஆரை ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். அச்செடுப்பதற்கு முன் எழுத்துப்பிழை பார்ப்பது முக்கியம். தகவல் கொடுத்தவர் துக்க வீட்டிலிருந்து அவசரமாக எழுதிக் கொடுத்த பெயர்தான் அதில் ஏறியிருக்கும்.

அதற்கு முந்திய சாவுகளுக்குக் காகிதப் பதிவேடுதான். மாநகராட்சி, நகராட்சி என்றால் அதே அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. பேரூராட்சி என்றால் பேரூராட்சி அலுவலகம். கிராமம் என்றால் நடப்புக் காலப் பதிவேடு மட்டும் வி.ஏ.ஓ.விடம், முடிந்த வருசங்களுடையவை தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விடும். பழையதைத் தேடும்போது இந்த இரண்டு இடத்தையும் கேட்க வேண்டும். தாலுகாவில் "இல்லை" என்றதும் திரும்பி வந்துவிடுவது தப்பு.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகம்? இதற்கு ஒரு நல்ல வழி, அந்தக் கிராமத்து நிலத்துக்கு அந்தக் காலத்தில் எழுதின கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது. சீலில் எந்த சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் என்று இருக்கும். எல்லை பிரித்தது, புதிய அலுவலகம் திறந்தது எல்லாம் நடந்திருக்கலாம். ஆனாலும் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம்ம பக்கம் மாவட்டம் மாறினதும் ஒரு தலைவலி. 1979-ல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதுதான் பிறகு ஈரோடு ஆனது. நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து வந்தது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் வந்தபோது கோவையிலிருந்து பல்லடம், உடுமலையும், ஈரோட்டிலிருந்து தாராபுரம், காங்கேயமும் அதில் சேர்ந்தன. ஆக காங்கேயத்தில் 1975-ல் நடந்த சாவு கோவை மாவட்டத் தலைப்பில் இருக்கும், 1985-ல் நடந்தது பெரியார் மாவட்டத் தலைப்பில், 2012-ல் நடந்தது திருப்பூர் தலைப்பில். சான்றில் பழைய மாவட்டப் பெயர் இருப்பதைப் பார்த்து "இது தப்பான சான்று" என்று திருப்பி அனுப்பும் குமாஸ்தாக்களும் உண்டு. அது தப்பு இல்லை, அந்தப் பதிவேட்டின் பெயரே அதுதான். விண்ணப்பத்தில் "அப்போதைய பெரியார் மாவட்டம், தற்போது திருப்பூர் மாவட்டம்" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். கோவைக்குள்ளும் இதே கதை. சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர் எல்லாம் 2011 வரைக்கும் பேரூராட்சிகள். குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகள். அங்கே 2005-ல் நடந்த சாவைக் கேட்கும்போது "மாநகராட்சிப் பதிவு" என்று எழுதினால் மாநகராட்சிப் புத்தகத்தில்தான் தேடுவார்கள், கிடைக்காது. அந்தப் பேரூராட்சியின் பெயரைச் சொல்லி, அதன் பழைய பதிவேடு எந்த மண்டல அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கிராமங்களில் அதைவிடப் பெரிய சிக்கல் குக்கிராமப் பெயர். நம்மாட்கள் ஊர் கேட்டால் வலசுப் பெயரோ, பாளையத்துப் பெயரோ, தோட்டத்துப் பெயரோதான் சொல்வார்கள். பதிவேடு வருவாய் கிராமத்தின் பேரில் இருக்கும். இரண்டு மைல் தள்ளி இருக்கும் தாய்க்கிராமத்தின் பெயர் அது; அந்த வலசில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே சில சமயம் தெரியாது. சிட்டாவை எடுத்துப் பாருங்கள், மேலே வருவாய் கிராமம் என்று போட்டிருக்கும். அந்தப் பெயரையும் வலசின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனால் தேடுகிறவருக்கு வேலை பாதி.

வருசம் சரியாகத் தெரியாமல் போனால் காசு போகும். 2017-ல் உயர்த்தின கட்டணப்படி, தேடுவதற்கு முதல் வருசத்துக்கு 100 ரூபாய், அப்புறம் கூடுதலாகப் பார்க்கிற ஒவ்வொரு வருசத்துக்கும் 100. சான்று ஒரு பிரதிக்கு 200. "எழுபதிலிருந்து எண்பதுக்குள்ளே ஏதோ ஒரு வருசமுங்க" என்று போனால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் வீட்டிலேயே முதலில் வருசத்தைச் சுருக்க வேண்டும்.

கருமாதிப் பத்திரிகை ஒன்று எந்த டிரங்குப் பெட்டியிலாவது கிடந்தால் அதுதான் முதல் தரம். தேதி அச்சிலேயே இருக்கும். இல்லையென்றால் பழைய மொய் நோட்டு. அதுவும் இல்லையென்றால் வயசான பெண்களிடம் கேளுங்கள். ஆண்களைவிட அவர்களுக்குத் துல்லியமாக நினைவிருக்கும், ஆனால் வேறு கணக்கில் சொல்வார்கள்: "எம்.ஜி.ஆர். போனாரே, அந்த மார்கழி", "இந்திரா காந்தியைச் சுட்டாங்களே, அதுக்கு முந்தின ஆடி", "உங்க சின்ன அத்தை வயசுக்கு வந்து ரண்டு மாசம் கழிச்சு". முதலாவது 1987 டிசம்பர் நடுவிலிருந்து 1988 ஜனவரி நடு வரை. இரண்டாவது 1984 ஜூலை, ஆகஸ்ட். மூன்றாவதுக்கு அத்தையின் பள்ளிச் சான்று வேண்டும்.

தமிழ் வருசம் தெரிந்தவர்கள் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். பிரபவ வருசம் 1987 சித்திரையில் பிறந்தது. ஆனால் பிரபவ தை, மாசி, பங்குனியில் நடந்த சாவு 1988 கணக்கில் வரும். பதிவேடு ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை ஓடுவது. அதே மாதிரி டிசம்பர் கடைசி வாரத்தில் நடந்து ஜனவரியில் போய்ச் சொன்ன சாவு அடுத்த வருசத்துப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும். சான்றில் இறந்த தேதியும் பதிவான தேதியும் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். மார்கழிச் சாவு கிடைக்கவில்லை என்றால் அடுத்த புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள்.

இனி பெயர். பழைய கிராமப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நினைத்துப் பாருங்கள். மணியக்காரரும் கர்ணமும் இருந்த காலம், அதாவது 1980-ல் அந்தப் பதவிகளை எடுப்பதற்கு முன் எழுதினது. வரிசை எண், தேதி, பெயர், ஆணா பெண்ணா, வயது, தகப்பன் அல்லது புருசன் பெயர், காரணம், சொன்னவர் பெயர். பேனா மை பழுப்பேறியிருக்கும். ஆளுக்கு இனிஷியல் இருக்காது. வயது ஐம்பது, அறுபது, எழுபது என்று குத்துமதிப்பாக இருக்கும். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர். பட்டாவில் வள்ளியம்மாள் என்று இருப்பவர் இங்கே வள்ளியாத்தாள். பத்திரத்தில் இராமசாமிக் கவுண்டர், இங்கே வெறும் ராமசாமி. பேரனுக்குத் தாத்தன் பெயர் வைக்கிற வழக்கம் இருப்பதால் ஒரே ஊரில் ஒரே வருசத்தில் இரண்டு நாச்சிமுத்து இருப்பார்கள். அங்கே ஆளைப் பிரித்துக் காட்டுவது தகப்பன் பெயர்க் கட்டம் மட்டும்தான். பெரியப்பா நாச்சிமுத்துவின் சான்றை வாங்கி அப்பாரின் பட்டாவுக்குக் கொடுத்து, அது கடைசியில் வாரிசுச் சான்று விசாரணையில் வெளிவந்து நிற்கிற கூத்து இப்படித்தான் நடக்கிறது. விண்ணப்பத்தில் பெயரை மட்டும் எழுதாமல், அவருடைய எல்லாப் பெயர் வடிவங்களையும், தகப்பன் பெயரையும், பெண்ணாக இருந்தால் தகப்பன், புருசன் இருவர் பெயரையும் எழுதுங்கள்.

பெயர் வேறுபட்டால் திருத்தலாமா? சட்டத்தின் 15-ம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் மூலப் பதிவை அழித்து எழுத மாட்டார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதி, பதிவாளர் தேதியோடு கையெழுத்துப் போடுவார். எழுத்துப்பிழை அளவு என்றால் லேசு. ஆளையே மாற்றுகிற அளவு என்றால் விவரம் தெரிந்த இரண்டு பேரின் வாக்குமூலமும் ஆவணமும் கேட்பார்கள். அந்த ஆவணம் சாவுக்கு முந்தின தேதியில் உண்டானதாக இருக்க வேண்டும் என்பது என் கறாரான அபிப்பிராயம்: பழைய பத்திரம், வாக்காளர் பட்டியல், பென்சன் புத்தகம். செத்த பிறகு எழுதின நோட்டரி பத்திரம் ஒன்றை மட்டும் நீட்டினால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். வள்ளியாத்தாள்–வள்ளியம்மாள் மாதிரி நம்மூரில் யாருக்கும் புரிகிற வேறுபாட்டுக்கு, பதிவேட்டைத் திருத்தப் போகாமல் "இரண்டும் ஒருவர் பெயரே" என்ற உறுதிமொழிப் பத்திரத்தைச் சான்றோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடும்.

கையில் வந்த காகிதம் சரியானதுதானா என்று பார்க்க, அது படிவம் 6தானா என்று பாருங்கள். எந்த ஊர், எந்தத் தாலுகா, எந்த மாவட்டத்துப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வாசகம், பதிவு எண், பதிவான தேதி, கொடுத்த தேதி, கையெழுத்து, முத்திரை. இவை இருந்தால்தான் கோர்ட்டில் சாட்சியமாக நிற்கும். வி.ஏ.ஓ. வெள்ளைத்தாளில் "இவர் இறந்துவிட்டார் என்று விசாரணையில் தெரியவருகிறது" என்று எழுதிக் கொடுப்பது சான்று இல்லை, அறிக்கை.

அந்தச் சான்றில் எப்படி இறந்தார் என்று இருக்காது. விட்டுப்போனதில்லை. பதிவேட்டில் இருக்கும் மரணக் காரணத்தை நகலில் வெளியிடக் கூடாது என்று 17-ம் பிரிவே சொல்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் "காரணம் போட்ட சான்று கொண்டாங்க" என்று சொன்னால் பதிவாளரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. ஆஸ்பத்திரியில் நடந்த சாவென்றால் டாக்டர் எழுதும் படிவம் 4, வீட்டில் நடந்து டாக்டர் பார்த்திருந்தால் 4ஏ. 2023 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் திருத்தப்படி, ஆஸ்பத்திரி அந்தக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாசம் கழித்துப் போனால் எழுதின டாக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார். விபத்து, விஷம் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் எஃப்.ஐ.ஆர். நகலும் போலீஸ் வழியாக.

தேடியும் பதிவே இல்லை என்றால், "இல்லை" என்பதை வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். படிவம் 10, அதாவது பதிவு இல்லாமைச் சான்று எழுதி வாங்குங்கள். அடுத்த படிக்கு அதுதான் சாவி. 21 நாளுக்குள் சொன்னால் பதிவும் இலவசம், முதல் சான்றும் இலவசம். 30 நாளுக்குள் 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு வருசத்துக்குள் மேலதிகாரி அனுமதியும் 200 ரூபாயும். ஒரு வருசம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவும் 500 ரூபாயும். கோட்டாட்சியர் என்றால் சாவு நடந்த இடத்துக்குரிய ஆர்.டி.ஓ.: அந்தியூர்ப் பக்கம் கோபி, மடத்துக்குளம் என்றால் உடுமலை, வால்பாறைக்குப் பொள்ளாச்சி. மனுவோடு படிவம் 10, ஆள் இருந்ததற்கு ஒரு ஆவணம், இறந்ததற்கு ஒரு ஆவணம், உங்களுக்கும் அவருக்கும் உறவு என்பதற்கு ஒரு ஆவணம். மனு தாசில்தார், ஆர்.ஐ. வழியாக வி.ஏ.ஓ. வரை இறங்கி, விசாரித்து, அதே படியில் ஏறிப் போக வேண்டும். எந்த மேஜையில் நிற்கிறது என்று அனுப்பின எண்ணையும் தேதியையும் கேட்டுக் கேட்டு நகர்த்த வேண்டியிருக்கும். உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. உத்தரவு, சான்று ஆகாது. அதைக் கொண்டுபோய்ப் பதிவாளரிடம் கொடுத்து, பதிவு ஏற்றி, படிவம் 6 வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தை மறுத்தாலும் எழுத்தில் கேளுங்கள். 2023 திருத்தத்தில் மேல்முறையீடு வந்திருக்கிறது: 30 நாளுக்குள் போட வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாயால் சொன்ன மறுப்புக்கு நாள் எண்ண முடியாது.

வெளிநாட்டில் நடந்த சாவுக்கும் அடிப்படை அதேதான், நடந்த இடம். அமெரிக்காவில் அது பெரும்பாலும் கவுண்டி அலுவலகம். கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி. பெயரைக் கேட்டு நம்ம பக்கம் சிரிப்பார்கள், போகட்டும். கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால், அங்கே இரண்டு வகை நகல் கொடுப்பார்கள். ஒன்று உரிமையுள்ளவருக்கான நகல்: மனைவி, புருசன், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார், பேரன் பேத்தி மாதிரியானவர்கள் உறுதிமொழியோடு கேட்டு வாங்குவது, தபாலில் கேட்டால் அந்த உறுதிமொழிக்கு நோட்டரி வேண்டும். இன்னொன்று தகவலுக்கு மட்டும் என்ற நகல். அடையாளத்தை நிறுவச் செல்லாது என்று அதன் மேலேயே அச்சாகியிருக்கும். மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்து இரண்டாவதை வாங்கிவிடக் கூடாது. விலை ஒன்றேதான், இங்கே பட்டாவுக்கு உதவாது. முதல் வகையை வாங்கி, அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்றொப்பம், போட வேண்டும். கவுண்டியின் சுகாதார அதிகாரி கையெழுத்துப் போட்ட நகல் என்றால் அதற்கு முன் கவுண்டி கிளார்க்கின் சான்றொப்பம் வேண்டியிருக்கும். கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகத்து நகலாகக் கேட்டு வாங்கினால் அந்த ஒரு படி மிச்சம். இந்தியா 2005-லிருந்து அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, அதனால் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டாம். ஒரு வேடிக்கை: அந்தச் சான்றில் மரணக் காரணம் விலாவாரியாக இருக்கும். இங்கே மறைக்கிறதை அங்கே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

இங்கிருந்து அங்கே அனுப்புவதற்கும் அப்போஸ்டில்தான். மாநில அரசின் சான்றொப்பம் முதலில், அப்புறம் வெளியுறவுத் துறை. அதற்குக் கொடுக்கும் நகலை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது காகிதத்தின் பின்பக்கம். பிளாஸ்டிக்கின் மேல் ஒட்ட மாட்டார்கள், திரும்ப 200 ரூபாய் கட்டிப் புது நகல்தான் வாங்க வேண்டும்.